சீமாட்டிக்கு நாடகப் புகை

எஞ்சின் அறைக்கு இறங்கும் இரும்பு ஏணியில் கால் வைக்கும்போதே சீஃப் திட்டத் தொடங்கியிருந்தாள். கடைசிப் படியை விட்டு இறங்கிய பிறகும் திட்டு முடியவில்லை. கையில் சுருட்டிப் பிடித்திருந்த படம்தான் காரணம். மேல்தளத்து ஹாலில், வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று அதை ஒரு தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். புதுப்பித்து முடித்த பிறகு கப்பல் எப்படி இருக்கும் என்று ஓர் அலங்கார நிபுணர் வண்ணத்தில் வரைந்து கொடுத்த படம். அதில் எஞ்சின் அறை இருந்தது. எஞ்சின் இல்லை.

எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு மதுக்கூடம். தரைக்குக் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் நீல விளக்கு. உயரமான முக்காலிகளில் ஒல்லி ஒல்லியாகச் சில பேர் உட்கார்ந்து, எதற்கு என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா இத?" என்று ஃபயர்மேனின் முகத்துக்கு நேரே படத்தை விரித்தாள். ஃபயர்மேன் என்பவர் கொதிகலன் அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவர். ரயிலில் அதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மனைவியோடு சண்டை வருகிறது என்று இங்கே வந்து சேர்ந்தவர்.

அவர் கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார். "இந்தப் பொண்ணு உக்காந்திருக்குற எடத்துலதான சீஃப் நான் எண்ணெ டின் வெப்பேன்? அது சேலையெல்லாம் பாழாயிடுமே."

"சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"எஞ்சின் இல்லாம கப்பல் எப்படிப் போகுமாம்?"

"டீசல். பின்னாடி மூலைல சின்னதா ஒண்ணு வெச்சுக்குவாங்களாம். புகைபோக்கி சும்மா நின்னா பாக்க நல்லா இருக்காதாம். அதனால அதுக்குள்ள புகை மெஷினு. நாடகத்துல பேய் வரும்போது விடுவாங்களே, அந்தப் புகை."

ஃபயர்மேனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. கரி அள்ளும் ஷவலைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

சீஃப் என்றால் கப்பலின் தலைமை எஞ்சினியர். துறைமுகத்துக் காவலாளியில் இருந்து கரி கொண்டுவரும் லாரிக்காரர் வரைக்கும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அக்கா என்று கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான். கூடப் பிறந்த தம்பி. அந்தத் தம்பிதான் கப்பலை வைத்துப் பராமரிக்கும் அறக்கட்டளைக்குத் தலைவன். படத்துக்கு ஏற்பாடு செய்தவனும், ஹாலில் நிறுத்தி வைத்தவனும் அவனேதான். ஊரார் யாராவது செய்திருந்தால் அவளுக்குக் கோபம் மட்டும் வந்திருக்கும். தம்பி செய்ததால் வயிறும் சேர்ந்து எரிந்தது. அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். பிறகு இதே எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை கற்றுக்கொடுத்து ஆளாக்கியவளும் அவள்தான்.

கப்பலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கோபம் என்னத்துக்கு என்று தோன்றும்.

அது ஒரு நீராவி உல்லாசக் கப்பல். சரக்கு ஏற்றக் கட்டியதும் இல்லை, சண்டைக்குக் கட்டியதும் இல்லை. ஒரு பணக்காரர் தன் சொந்தச் சுகத்துக்குக் கட்டிக்கொண்டது. சோப்பு விற்றுக் கோடீஸ்வரரானவர் அவர். மூன்று மகள்களின் பெயரையும் ஒன்றாக ஒட்டிக் கப்பலுக்கு வைத்தார். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் துறைமுகத்து ஆட்கள் சீமாட்டி என்றார்கள். இன்றைக்கும் சீமாட்டிதான். அறக்கட்டளை அச்சடித்த பளபளப்பான விளம்பரத் தாளில் அந்த சோப்புக்காரரைக் 'கடலின் காதலர்' என்று போட்டிருந்தார்கள். படிக்கும்போதெல்லாம் சீஃபுக்குப் பற்றிக்கொண்டு வரும். காதலருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அலை கொஞ்சம் ஆடினாலே வாந்தி. அதனால் கப்பலைப் பெரும்பாலும் கரையிலேயே கட்டிப்போட்டு, ஆவியில் விளக்கெல்லாம் எரியவிட்டு, விருந்து நடத்தினார். மேலே தேக்குச் சிற்பம், வெல்வெட்டுத் திரை, பியானோ. கீழே, கால் பொசுங்குகிற இரும்புத் தரையில், கரி அள்ளுகிறவர்கள் முறை வைத்து மயங்கி விழுவார்கள். ஆறு ஆளுக்குக் குளிக்க ஒரு வாளி. இந்த வாளியைப் பற்றி விளம்பரத் தாள் ஒரு வார்த்தை பேசாது.

போர் வந்தது. கப்பலை அரசாங்கம் எடுத்துக்கொண்டு சாம்பல் நிறம் அடித்தது. பியானோவைக் கடலில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் காயம்பட்டவர்களைப் படுக்க வைத்தார்கள். போர் முடிந்ததும் யாரோ வாங்கி, ஆளையும் மாட்டையும் ஏற்றி அக்கரைக்கு ஓட்டினார்கள். அதன்பின் யாருக்கும் வேண்டாமல் போய், கழிமுகத்துச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. பித்தளை என்று ஒன்று கண்ணில் பட்டால் கழற்றிக்கொண்டு போனார்கள். தேக்கு விறகாகப் போயிற்று. எஞ்சினை மட்டும் ஒருவராலும் அசைக்க முடியவில்லை. அதன் கனம்தான் அதைக் காப்பாற்றியது.

அக்காவும் தம்பியும் இன்னும் சில பைத்தியக்காரர்களும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகச் சேற்றை வாரி அதை மீட்டார்கள். இப்போது ஹாலில் இருக்கும் மரச் சிற்பம் போன வருடம் செதுக்கியது. பியானோ மூடிப்போன ஓர் ஓட்டலில் இருந்து வந்தது. அடித்தகடுகளில் பாதி புதியவை. புகைபோக்கியே புதியது. எஞ்சின் ஒன்றுதான் கப்பல் கட்டிய நாளில் எந்த இடத்தில் இறக்கினார்களோ அந்த இடத்தில், அதே திருகாணிகளோடு நின்றது. அதைத்தான் எடுக்கப்போகிறார்கள்.

ஆனால் நினைத்த மாத்திரத்தில் எடுத்துவிட முடியாது. பழம்பொருள் காக்கும் துறையில் ஒரு விதி இருந்தது. ஓடக்கூடிய எஞ்சினைக் கப்பலில் இருந்து எடுக்கக் கூடாது. கொதிகலன் ஆய்வாளர் வந்து பார்த்து, இதன் ஆயுள் முடிந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் எடுக்கலாம். தம்பி ஆய்வாளருக்கு எழுதிப் போட்டான். அவளும் விடவில்லை. 'வந்து பாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே ஆவியில் ஓட்டிக் காட்டுகிறேன்' என்று பதிலுக்கு எழுதினாள். இன்றைக்கு அந்த நாள். எஞ்சின் ஓடிவிட்டால் அது கப்பலிலேயே இருக்கும். ஓடாவிட்டால் நீல விளக்கு.

எஞ்சினை ஓட்டுவது, அடுப்பில் பால் வைத்துப் பொங்க விடுகிற வேலை இல்லை. முந்தின நாளே சின்னதாகத் தீ மூட்டி, கொதிகலனை மெல்ல மெல்லச் சூடாக்கி, அழுத்தத்தை ஏற்றியிருந்தார்கள். இப்போது எஞ்சினைச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த இரும்புக்குள் ஆவியை முழுசாக விட்டால் அது தண்ணீராகி, எஞ்சினின் சிலிண்டரையே உடைத்துவிடும். எனவே ஆவியைக் கொஞ்சம் கசிய விட்டு, எஞ்சினைக் கையால் திருப்பித் திருப்பிக் கொடுப்பார்கள். அதற்கு டர்னிங் கியர் என்று ஒன்று உண்டு. எஞ்சினின் தண்டில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தோடு ஒரு சின்னத் திருகுப்பல்லைக் கோத்துவிட்டு, ஒரு நீளக் கைப்பிடியால் தள்ள வேண்டும். அவ்வளவு பெரிய எஞ்சின் ஒரு பெண்பிள்ளையின் கைக்கு அசைந்து கொடுக்கும்.

இதில் ஆபத்து ஒன்றுதான். கியர் கோத்திருக்கும்போது ஆவி வால்வை முழுசாகத் திறந்துவிட்டால், எஞ்சின் ஓடப் பார்க்கும், கியர் விடாது. இரண்டில் ஒன்று உடையும். அதனால் இந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. கியரைக் கோத்தவர், திருப்பி முடித்ததும் கைப்பிடியைக் கொண்டுபோய் ஆவி வால்வின் சக்கரத்தில் மாட்டிவிடுவார். கியரைக் கழற்றிய பிறகுதான் அதை எடுத்துச் சுவர்க் கொக்கியில் போடுவார். கைப்பிடி வால்வில் தொங்கினால் தொடாதே, தொங்காவிட்டால் தாராளமாகத் திற. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே சீஃப்தான். இதைத் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தபோது, மறந்தால் விரலை ஒடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

அன்றைக்கும் திருப்பினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் காதை வைத்துக் கேட்டாள். எங்கேயும் உரசல் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியை வால்வில் மாட்டினாள். இன்னும் கொஞ்சம் சூடு ஏறட்டும், பிறகு கியரைக் கழற்றலாம் என்று நின்றாள். பக்கத்துக் கொதிகலன் அறையில் ஆய்வாளரும் ஃபயர்மேனும் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி இறங்கி வந்தான். தனியாக வரவில்லை. சோப்புக்காரரின் கொள்ளுப்பேரனைக் கூட்டி வந்தான். மதுக்கூடத்துக்குப் பணம் போடப்போகிற பெரிய மனிதர். ஏணியில் இறங்கும்போதே தன் வெள்ளைச் செருப்பில் எண்ணெய் பட்டுவிடுமோ என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, சார் ஒரு தடவ பாக்கணும்னாரு."

"இப்ப என்ன பாக்கறது? ஓடும்போது வந்து பாக்கட்டும்."

"கோவப்படாத. ஓடட்டும், ஓடாம போகட்டும், நீயும் கொஞ்சம் நடைமுறையா யோசி. இத ஓட்ட எத்தன ஆளு, எவ்வளவு கரி! யாரு அக்கா இதப் பாக்க வர்றா? கல்யாணம், விருந்துன்னு நாலு பேரு வந்தாத்தான் கப்பல் நிக்கும். இல்லன்னா மறுபடியும் சேத்துக்குத்தான் போகும். அப்ப நீதான சேத்த வாரப்போற?"

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது.

"விருந்து வை. யாரு வேணாம்னது? மேல ஹாலு பூரா ஒனக்குத்தான். இந்த ஒரு அறைய விட்டுரு. இந்தக் கப்பல்ல எதுடா நெசம்? மரம் போன வருஷத்து மரம். பியானோ யாரு வீட்டு பியானோவோ. இது ஒண்ணுதான் நெசம். இதையும் புடுங்கிட்டா இது கப்பல் இல்ல. கப்பல் வேஷம் போட்ட ஓட்டலு."

கொள்ளுப்பேரன் சமாதானம் செய்கிறேன் என்று குறுக்கே வந்தார். நல்ல மனிதர்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் வாய் இருக்கிறதே, அது சில பேருக்குச் சத்துரு. "எஞ்சினைத் தூக்கிப் போடப்போறதில்லம்மா. வெளிய புல்தரையில வெச்சு, செவப்பு மஞ்சளா பெயிண்ட் அடிச்சு நிறுத்திடுவோம். கொழந்தைங்க ஏறி விளையாடலாம். சறுக்கு மரம் மாதிரி."

சறுக்கு மரம்!

சீஃபுக்குக் கோபத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் கைக்கு எது அகப்பட்டதோ அதைப் பிடுங்கினாள். பிடுங்கியதை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சறுக்கு மரமா? உங்க கொள்ளுத்தாத்தா இந்தக் கப்பல்ல துறைமுகத்தத் தாண்டினதே அபூர்வம். தாண்டின போதெல்லாம் வாளி வாளியா வாந்தி எடுத்தாரு. அவரு மேல வாந்தி எடுக்க, கீழ இந்த எடத்துல ஆளுங்க தோலு வெந்து கெடந்தாங்க. அவங்களுக்கு ஒரு படம் வரஞ்சீங்களா? ஒரு பேரு எழுதினீங்களா? அவங்க தொட்ட இரும்பு இது ஒண்ணுதான்யா மிச்சம். இது மேல உங்க வீட்டுக் கொழந்தைங்க சறுக்கணுமா?"

"அக்கா, வாய அடக்கு. அவரு விருந்தாளி."

"நீ பேசாத! சேத்துல என்கூட முட்டி வரைக்கும் நின்னவன் நீ. இன்னைக்கு நாடகப் புகை விடறேங்கற. வெக்கமா இல்ல?"

தம்பி முகம் சிறுத்துப்போயிற்று. கொள்ளுப்பேரன் இரண்டு படி மேலே ஏறிக்கொண்டார். கொதிகலன் அறை வாசலில் இருந்து ஆய்வாளர் குரல் கொடுத்தார். "சீஃப், இங்க அழுத்தம் சரியா இருக்கு. நீங்க ரெடின்னா ஆரம்பிங்க."

"ரெடிதான்!" என்று அவள் கத்தினாள். கையில் இருந்ததை மேசைமேல் வீசினாள். பாருங்கடா, கண்ணைத் திறந்து நன்றாகப் பாருங்கள் என்று மனசுக்குள் கருவிக்கொண்டே வால்வின் முன்னால் போய் நின்றாள். சக்கரத்தில் கைப்பிடி தொங்கவில்லை. தொங்காவிட்டால் தாராளமாகத் திறக்கலாம். எத்தனையோ வருடமாக அவள் கைகளுக்கு அந்தக் கணக்குத் தெரியும். அவள் யோசிக்கவில்லை. கைகள் திறந்தன.

எஞ்சின் ஒரு முக்கு முக்கியது. தரைத்தகடு அதிர்ந்தது. பிறகு காது அடைக்கிற மாதிரி ஒரு சத்தம். பல்சக்கரத்தின் பக்கத்தில் இருந்து இரும்புத் துண்டுகள் சிதறி, ஒன்று ஏணியில் மோதித் தெறித்தது. எஞ்சின் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. அவள் வால்வை அடைத்தாள். அடைக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி மேசையைப் பார்த்தாள். கொள்ளுப்பேரனின் மூக்குக்கு நேரே தான் நீட்டியது எது என்று இப்போதுதான் பார்த்தாள்.

அந்தக் கைப்பிடி.

அறையெல்லாம் ஆவி. கொள்ளுப்பேரன் மேலே ஏறிப் போய்விட்டிருந்தார். ஆவிக்குள் தம்பி மட்டும் நின்றான். அவனும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த அறையில் வேலை பழகியவன் அல்லவா? யாரும் அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். மேசைக்குப் போனான். கைப்பிடியை எடுத்தான். சத்தம் போடாமல் சுவர்க் கொக்கியில், கியர் கழற்றியிருக்கும்போது அது இருக்க வேண்டிய இடத்தில், மாட்டினான்.

ஆய்வாளரும் ஃபயர்மேனும் ஓடி வந்தார்கள். யாருக்கும் அடி இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு ஆய்வாளர் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவசரக்காரர் இல்லை. எந்தத் துண்டையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் விடவில்லை. சக்கரத்தில் ஒரு பக்கம் பற்கள் வரிசையாகப் போயிருந்தன. கியரைத் தாங்கிய முட்டு தூள்தூளாகிக் கிடந்தது. பார்த்து முடித்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இதுல ரெண்டு விதமா ஆகியிருக்கலாம். கியர் கழட்டி வெளிய இருந்திருந்தா, தண்டு தூக்கிப்போட்டு, சக்கரம் முட்டுல போய் இடிச்சிருக்கு. அப்படின்னா தண்டு, தண்டத் தாங்கற தாங்கி எல்லாம் போச்சு. எஞ்சினோட ஆயுசு முடிஞ்சதுன்னு நான் எழுதணும். கியர் கோத்து உள்ள இருந்திருந்தா எஞ்சின் மேல தப்பில்ல. சக்கரம் புதுசா வார்த்து மாட்டினா ஓடும். ஆனா அது ஆள் பண்ணின தப்பு. ஆவி இருக்கற எடத்துல அப்படி ஒரு தப்பு பண்ணினவங்க டிக்கெட்ட நான் எடுத்துக்கணும். முட்டு இப்படி நொறுங்கிப் போனதுல எதுன்னு பாத்துச் சொல்ல முடியல." சுவர்க் கொக்கியை ஒரு முறை பார்த்தார். "கியர் வெளியதான இருந்துச்சு, சீஃப்?"

டிக்கெட் என்றால் கொதிகலன் இயக்கும் சான்றிதழ். ஏணிக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அது இல்லாதவர் ஆவி ஏறிய கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது. அவள் அதை வாங்கிய கதை துறைமுகத்துக்கே தெரியும். முதல் தடவை போனபோது, பொம்பளை கரி அள்ளுவாளா என்று தேர்வுக்காரர்கள் சிரித்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அள்ளிக் காட்டினாள். அப்படியும் தோற்கடித்தார்கள். மறுபடி போனாள், மறுபடி தோற்கடித்தார்கள். இனி இவளைச் சமாளிக்க முடியாது என்று ஆன பிறகுதான் கொடுத்தார்கள். அவளுக்குச் சொத்து என்று இருந்தது அது ஒன்றுதான். அவள் யார் என்று கேட்டால் காட்டுவதற்கும் அதுதான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"வெளியதான் சார் இருந்துச்சு. நான் பக்கத்துலயேதான் நின்னேன். அக்கா கழட்டினத என் கண்ணால பாத்தேன். பழைய இரும்பு சார். அதுக்கும் ஒரு வயசு இருக்குல்ல?"

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சூது இல்லை. சூது இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பேசாமல் இரு என்கிற பார்வை அது. சின்ன வயதில் அவன் கண்ணாடி உடைத்தபோது அவள் அப்பாவிடம் சொன்ன பொய்யைத்தான் அவன் இப்போது திருப்பிச் சொல்கிறான். அக்காவின் பேரும் பிழைக்கும், அவன் நினைத்த மதுக்கூடமும் வரும். எல்லோருக்கும் நல்லது. அவள் தலையை ஆட்டினால் போதும்.

அவளுக்கு வந்த கோபத்தில் எது யார்மேல் என்று பிரிக்க முடியவில்லை. தன் கைமேல் கோபம். வாயை அடக்கத் தெரியாத தன் சுபாவத்தின்மேல் கோபம். இவ்வளவு அன்பாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நிற்கிறானே, அவன்மேல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம். ஒரு தப்பும் செய்யாத எஞ்சினின் தலையில் பழியைப் போட்டு, அதைக் கொண்டுபோய்ப் புல்தரையில் நிறுத்தி, அவள் மட்டும் நல்ல பேரோடு வீட்டில் உட்கார வேண்டும்! நாடகப் புகை என்கிற பொய் போதாது என்று, அவளுக்காகவும் ஒன்று.

"உள்ள இருந்துச்சு" என்றாள்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"கியர் உள்ளதான் இருந்துச்சு. கைப்பிடி வால்வுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கோவத்துல நான்தான் புடுங்கினேன். புடுங்கினத மறந்துட்டுத் தொறந்தேன். தண்டுக்கும் ஒண்ணும் இல்ல, தாங்கிக்கும் ஒண்ணும் இல்ல. காலைல கையால திருப்பிப் பாத்தேன், எங்கயும் உரசல. எஞ்சின் நல்லா இருக்கு. நான்தான் ஒடச்சேன்."

"அக்கா! அதிர்ச்சில பேசறா சார், அவளுக்கு—"

"எனக்கு ஒரு அதிர்ச்சியும் இல்ல. கைப்பிடி மேசை மேல கெடந்துச்சு. இவன் எடுத்துக் கொக்கில மாட்டினான். இல்லன்னு சொல்லுடா பாப்போம்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஆய்வாளர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். அவருக்கும் இது பிடித்த வேலை இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"சீஃப், யோசிச்சுத்தான சொல்றீங்க? எழுதிட்டா மாத்த முடியாது. திரும்பத் தர்றது என் கையில இல்ல. உங்க வயசுக்கு இன்னொரு தடவ தேர்வும் வெக்க மாட்டாங்க."

"எழுதுங்க. எஞ்சின் மேல தப்பில்லைன்னு மொதல்ல எழுதுங்க. எடுக்கக் கூடாதுன்னு எழுதுங்க. அப்புறம் எனக்கு என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க."

அவர் நின்றபடியே எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். எஞ்சின் ஓடும் நிலையில் இருக்கிறது. இயக்கியவரின் தவறால் டர்னிங் கியரும் பல்சக்கரமும் சேதம். பழுது பார்க்க வேண்டும். கப்பலில் இருந்து எடுக்க அனுமதி இல்லை. அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினாள். பிறகு ஏணிப் பக்கம் போய், சட்டத்தை ஆணியில் இருந்து தானே கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின?" என்றான் தம்பி. "உனக்காகத்தான சொன்னேன். எனக்கு அந்தப் பார் கூட வேணாம்னு தோணிச்சு அப்ப. உன் டிக்கெட்டு போகக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"தெரியும். அதனாலதான் உன்ன அறையாம விட்டேன்."

"இப்ப என்ன ஆச்சு? எஞ்சினும் ஓடல. நீயும் இல்ல."

"எஞ்சின் இருக்குல்ல. நீ அத ஓட்டு. டிக்கெட்டு இருக்கற ஆளக் கூட்டிட்டு வா, சக்கரத்த வார்த்து மாட்டு, ஓட்டு. ஓட்டலன்னா உன்ன நான் சும்மா விடமாட்டேன், சொல்லிட்டேன். டிக்கெட்டத்தான் புடுங்கினாங்க, வாயப் புடுங்கல."

ஃபயர்மேன் இதற்குள் கொதிகலன் அறை வாசலுக்குப் போயிருந்தார். உள்ளே அடுப்பு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. எஞ்சின் ஓடாதபோது ஆவியை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது. அவர் ஷவலைப் பிடித்தபடி வழக்கம்போல அவளைப் பார்த்துக் கேட்டார்.

"சீஃப், தீய வாரி வெளிய தள்ளிடவா, அப்படியே ஆறட்டுமா?"

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஆய்வாளரைக் கையால் காட்டினாள்.

"அவரக் கேளுங்க."

ஃபயர்மேன் ஆய்வாளர் பக்கம் திரும்பவே இல்லை. காதில் விழாதவர் மாதிரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னை என்னய்யா பாக்கறீங்க? அவரக் கேளுங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டு, அவள் ஏணியில் ஏறினாள்.